பழிக்கு வந்த பதில்: கிட்டி வெல்ஸின் 1952ஆம் ஆண்டு ஒலிப்பதிவும் அதன் வெளியீட்டு வரலாறும்

1952ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில்லில், டுலேன் ஹோட்டலில் இயங்கிவந்த கேசில் ஒலிப்பதிவுக் கூடத்தில் முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் சில பாடல்களைப் பாடிப் பதிவு செய்தார். அவர் மூன்று குழந்தைகளின் தாய். மேடை வாழ்க்கையைக் கைவிட்டு வீட்டோடு இருந்துவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தவர். அந்த அமர்வுக்குத் தொழிற்சங்க விகிதப்படி கிடைக்கும் 125 டாலருக்காகவே ஒப்புக்கொண்டதாகப் பிற்காலத்தில் அவரே பலமுறை கூறியிருக்கிறார். அன்று பதிவான பாடல்களுள் ஒன்று 'இட் வாஸின்ட் காட் ஹூ மேட் ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்'. மதுக்கூடத்துத் தேவதைகளைப் படைத்தவர் கடவுள் அல்லர் என்பது தலைப்பின் பொருள். பில்போர்ட் இதழின் கன்ட்ரி தரவரிசைப் பட்டியலில் தனித்துப் பாடிய ஒரு பெண் முதலிடம் பெற்றது இப்பாடலால்தான். அதற்கு முன் நிகழ்ந்ததில்லை.

கன்ட்ரி இசையின் வரலாற்றை எழுதுவோர் இந்த 'முதல்' என்ற சொல்லோடு நின்றுவிடுவது வழக்கம். ஆனால் இப்பாடல் எவ்வாறு உருவாயிற்று, யார் கைகளைக் கடந்து இசைத்தட்டாயிற்று, வெளியானபின் அதை யார் தடுத்தனர் என்பனவற்றைத் தொடர்ந்து பார்த்தால், 'முதல்' என்ற பெருமையைவிடச் சிக்கலான ஒரு படம் கிடைக்கிறது.

இப்பாடல் ஓர் எசப்பாட்டு. அது பதில் சொல்வது, ஹேங்க் தாம்சன் பாடிய 'தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' என்ற பாடலுக்கு. ஆர்லி கார்ட்டர், வில்லியம் வாரன் ஆகிய இருவர் எழுதிய அப்பாடலை ஜிம்மி ஹீப் என்பவரின் டெக்சஸ் இசைக்குழு 1951இல் முதலில் பதிவு செய்தது. அது பரவலாகக் கேட்கப்படவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கேபிட்டல் நிறுவனத்துக்காகத் தாம்சன் அதைப் பாடினார். இசைத்தட்டின் முதன்மைப் பக்கமாக நிறுவனம் கருதியது வேறொரு பாடலை. இது மறுபக்கத்தில் இடம்பெற்ற பாடல். வானொலி அறிவிப்பாளர்களும் ஜூக்பாக்ஸில் காசு போட்டவர்களும் தட்டைத் திருப்பிப் போட்டனர். விளைவாக, 1952இல் அப்பாடல் பில்போர்ட் பட்டியலில் பதினைந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

அப்பாடலின் கூற்று ஓர் ஆணுடையது. மனைவி தன்னைவிட்டுப் போய்விட்டாள். மதுக்கூடங்களின் ஒளியும் கேளிக்கையும் அவளை ஈர்த்துவிட்டன. இத்தகைய பெண்களைக் கடவுளே படைத்திருக்கிறார் என்பதைத் தான் அறியாமல் போனேன் என்று அவன் புலம்புகிறான். புலம்பலின் வடிவில் இருப்பினும் அது ஒரு குற்றச்சாட்டு. குற்றம் பெண்ணின் இயல்பிலேயே இருக்கிறது. படைப்பே அப்படி என்பது அதன் உட்பொருள்.

'ஹாங்கி டாங்க்' என்ற சொல்லைச் சற்று விளக்க வேண்டும். 1933இல் மதுவிலக்கு நீக்கப்பட்டபின், குறிப்பாக டெக்சஸ், ஓக்லஹோமா எண்ணெய் வயல் ஊர்களின் ஓரத்தில் பெருகிய மலிவான மதுக்கூடங்களே இப்பெயரால் அழைக்கப்பட்டன. நடனத்துக்கு ஒரு தளமும் மூலையில் ஒரு ஜூக்பாக்ஸும் அங்கே இருக்கும். அந்த இரைச்சலில் கேட்க வேண்டும் என்பதற்காக மின்கிதாரும் கனத்த தாளமும் வந்தன. வீடு, தாய், தேவாலயம் என்று பாடிவந்த இசை, குடியையும் பிரிவையும் திருமணத்துக்கு வெளியேயான உறவையும் பாடத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெண்கள் பெருமளவில் தொழிற்சாலை வேலைக்குச் சென்றனர். போர் முடிந்த மறு ஆண்டான 1946இல் அமெரிக்காவில் மணமுறிவு விகிதம் அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது. தாம்சனின் பாடல் இந்த அச்சத்தின் குரல். அது தனியொருவனின் துயரமாக மட்டும் இருந்திருந்தால் பதினைந்து வாரங்கள் தாங்கியிருக்காது.

மெட்டைப் பற்றித் தனியே பேச வேண்டும். தாம்சனின் பாடலுக்கும் வெல்ஸின் பாடலுக்கும் ஒரே மெட்டு. எசப்பாட்டு என்ற முறையில் இது எதிர்பார்க்கத்தக்கதே. வியப்பு என்னவெனில், தாம்சனின் பாடலே வேறொன்றின் மெட்டில் அமைந்தது. 1929இல் கார்ட்டர் குடும்பத்தார் பதிவு செய்த 'ஐ'ம் திங்கிங் டுநைட் ஆஃப் மை புளூ ஐஸ்' என்ற காதற்பிரிவுப் பாடலின் மெட்டு அது. 1936இல் ராய் ஏகஃப் பதிவு செய்த 'தி கிரேட் ஸ்பெக்கிள்ட் பேர்ட்' என்ற பாடலும் அதே மெட்டுதான். பின்னது எரேமியாவின் ஆகமத்திலுள்ள ஒரு வசனத்தை அடிப்படையாகக் கொண்ட கிறித்தவப் பக்திப் பாடல். துன்புறுத்தப்படும் திருச்சபையைப் பலநிறப் பறவையாக உருவகிப்பது. ஏகஃபுக்குப் புகழ் தேடித்தந்ததும் அதுவே.

மெட்டு இவை எல்லாவற்றுக்கும் முந்தையது, வாய்மொழி மரபில் உலவியது என்பதே நாட்டார் இசை ஆய்வாளர்களின் பொதுக்கருத்து. ஆகவே 1952இல் தென்மாநிலத்துக் கேட்போர் ஒருவரின் செவியில் இந்த மெட்டு வெறுமையாக விழவில்லை. பிரிந்த காதலனை எண்ணிய ஒரு பெண்ணின் ஏக்கமும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நினைவும் அதனுள் ஏற்கெனவே படிந்திருந்தன. அந்த மெட்டில் ஓர் ஆண் பெண்ணைப் பழித்தான். அதே மெட்டில் ஒரு பெண் மறுமொழி சொன்னாள். இரண்டு பாடல்களிலும் கடவுள் என்ற சொல் வருவது தற்செயலாகத் தோன்றினாலும், பக்திப் பாடலாக அம்மெட்டைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அச்சொல் கூடுதல் கனத்தோடு ஒலித்திருக்கும். பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் 'வர்ணமெட்டு' என்று குறிப்பிட்டு வேறு பாடலின் பெயரைப் போடும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. மெட்டைக் கடன் வாங்கும்போது அதன் முந்தைய நினைவுகளும் உடன் வந்துவிடுகின்றன.

மறுமொழியை எழுதியவர் ஒரு பெண் அல்லர். லூயிசியானா மாநிலத்தின் கிரவுலி என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜே. டி. மில்லர் என்பவரே அதை எழுதினார். கேஜன் எனப்படும் பிரெஞ்சு மரபினரின் இசையைப் பதிவு செய்வதற்காக 1946இல் தம் இசைத்தட்டு முயற்சியைத் தொடங்கியவர் அவர். தாம்சனின் பாடல் புகழ்பெற்றவுடன் அவர் இந்தப் பதிலை எழுதி, ஆல் மாண்ட்கோமரி என்ற பாடகியைக் கொண்டு தம் சொந்த நிறுவனமான ஃபீச்சர் சார்பில் பதிவு செய்தார். அந்த முதல் பதிவின் தலைப்பு ஒரு வினாவாக இருந்தது: மதுக்கூடத்துத் தேவதைகளைக் கடவுளா படைத்தார்? நாஷ்வில்லுக்கு வந்தபோது வினா எதிர்மறைக் கூற்றாயிற்று. வினா ஐயம் எழுப்புவது. கூற்று தீர்ப்புச் சொல்வது. பாடல் நிலைத்ததில் இந்த இலக்கண மாற்றத்துக்கும் பங்கு உண்டு என்று கருத இடமிருக்கிறது.

மில்லரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். லைட்னின் ஸ்லிம், ஸ்லிம் ஹார்ப்போ முதலிய கறுப்பினக் கலைஞர்களின் புளூஸ் இசையை 1950களிலும் 1960களிலும் கிரவுலியில் பதிவு செய்து உலகறியச் செய்தவர் அவரே. அதே மில்லர் 1966இல் ரெப் ரெபெல் என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கி, கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டத்தை இழிவுபடுத்தும் வெள்ளை இனவெறிப் பாடல்களை வெளியிட்டார். பெண்ணின் தரப்பைப் பேசிய பாடலின் ஆசிரியர் நீதியுணர்வால் எழுதினார் என்று கொள்வதற்கு அவருடைய பிற்கால வெளியீட்டுப் பட்டியல் இடம் தரவில்லை. விற்பனையாகும் ஒரு பாடலுக்குப் பதில் எழுதினால் அதுவும் விற்கும் என்ற வணிக அறிவே முதன்மையான காரணம். இதனால் பாடலின் மதிப்புக் குறைவதில்லை. ஆனால் ஆசிரியரின் நோக்கத்திலிருந்து பாடலின் பொருளை வருவிக்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை அரிது.

பாடிய பெண்ணின் இயற்பெயர் எல்லன் மியூரியல் டீசன். 1919 ஆகஸ்ட் 30 அன்று நாஷ்வில்லிலேயே பிறந்தவர். கன்ட்ரி இசையின் பெரும்புள்ளிகளில் அந்நகரிலேயே பிறந்தவர்கள் மிகச் சிலர். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் பள்ளியை விட்டு, ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் சட்டைகளுக்கு இஸ்திரி போடும் வேலைக்குப் போனார். 1937இல் ஜானி ரைட்டை மணந்தார். கணவர் ஜாக் ஆங்லினுடன் சேர்ந்து 'ஜானி அண்ட் ஜாக்' என்ற இணையாகப் புகழ்பெறத் தொடங்க, மனைவி அவ்வப்போது அவர்களுடன் பாடினார். கிட்டி வெல்ஸ் என்ற மேடைப் பெயரும் பழம்பாடல் ஒன்றிலிருந்து கணவர் எடுத்துச் சூட்டியது. 1949இல் ஆர்சிஏ விக்டர் நிறுவனம் வெளியிட்ட இவருடைய இசைத்தட்டுகள், பக்திப் பாடல்கள் உட்பட, விற்கவில்லை, ஒப்பந்தமும் தொடரவில்லை. பெண் பாடகியரின் தட்டுகளை யாரும் வாங்குவதில்லை என்பது அக்கால இசைத்தட்டு வணிகத்தின் நம்பிக்கை. பேட்ஸி மொன்டானா 1935இல் பாடிய பாடல் பெருவெற்றி பெற்றிருந்தும் அந்த நம்பிக்கை அசையவில்லை. ஒரு வெற்றியை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டால், நம்பிக்கையைத் திருத்திக்கொள்ளும் தொல்லை இல்லை.

டெக்கா நிறுவனத்தின் கன்ட்ரிப் பிரிவுக்குப் பொறுப்பாளரான பால் கோஹென் நியூயார்க்கைச் சேர்ந்தவர். அவ்வப்போது நாஷ்வில் வந்து ஒலிப்பதிவு செய்துவிட்டுத் திரும்புவார். அந்நகரம் அப்போது ஒலிப்பதிவுத் தலைநகராக வளர்ந்திருக்கவில்லை. கேசில் கூடமும் முழுநேர நிறுவனமாகத் தொடங்கியதன்று: டபிள்யூஎஸ்எம் வானொலி நிலையத்தின் பொறியாளர்களான ஏரன் ஷெல்டன், கார்ல் ஜென்கின்ஸ், ஜார்ஜ் ரெனால்ட்ஸ் ஆகிய மூவர் நிலைய வேலைக்கு வெளியே நடத்தியது. ஹேங்க் வில்லியம்ஸின் புகழ்பெற்ற பதிவுகள் பலவும் அங்கே உருவானவைதாம். கோஹென் மில்லரின் பாடலை வெல்ஸிடம் தந்தபோது, அது தமக்குப் பிடித்ததாக அவர் நினைக்கவில்லை, பிடிக்காததாகவும் நினைக்கவில்லை. கூலி கிடைக்கும் என்பது போதுமானதாக இருந்தது.

பதிவைக் கேட்டால் முதலில் உறைப்பது அதன் அடக்கம். கணவரின் குழுவைச் சேர்ந்தவர்களே வாசித்தனர்: ஷாட் ஜாக்சன் ஸ்டீல் கிதார், பால் வாரன் ஃபிடில். கூட்டுக்குரல் இல்லை, அலங்காரம் இல்லை. வெல்ஸின் குரலில் ஓர் அழுகை இழை இருக்கிறது. ஆனால் அவர் அழுவதில்லை. சினமும் காட்டுவதில்லை. ஜூக்பாக்ஸ் அருகே அமர்ந்திருக்கும் ஒரு பெண் தாம்சனின் பாடலைக் கேட்கிறாள்; தானும் ஒருகாலத்தில் கணவனை நம்பிய மனைவியாக இருந்ததை நினைக்கிறாள்; மணமாகியும் மணமாகாதவர்போல் நடந்துகொள்ளும் ஆண்களே பெண்கள் தடம் மாறக் காரணம் என்கிறாள். இவ்வளவே செய்தி. கேட்கும் பாடலைப் பெயர் சுட்டிக் குறிப்பிட்டு அதற்கு விடை தருவதால், பாடலுக்குள் இன்னொரு பாடல் ஒலிக்கும் அமைப்பு உருவாகிறது. சாட்சியம் சொல்பவர் போன்ற அந்த நிதானமான குரல் இல்லாதிருந்தால், வரிகள் வெறும் வாதமாக நின்றுபோயிருக்கும்.

டெக்கா 28232 என்ற எண்ணுடன் தட்டு வெளியாயிற்று. மறுபக்கத்தில் 'ஐ டோன்ட் வான்ட் யுவர் மணி, ஐ வான்ட் யுவர் டைம்'. ஜூலையில் பட்டியலில் ஏறி, ஆகஸ்ட் பிற்பகுதியில் முதலிடத்தை அடைந்து, ஆறு வாரங்கள் அங்கே இருந்தது. வெகுசனப் பாடல்களின் பட்டியலிலும் 27ஆம் இடம்வரை சென்றது. முதல் வெளியீட்டில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. தாம்சனின் பாடலும் இதுவும் அந்தக் கோடையில் ஒரே ஜூக்பாக்ஸில் அருகருகே இருந்தன. ஒருவர் ஐந்து சென்ட் போட்டுப் பழியைக் கேட்டால், அடுத்தவர் இன்னொரு ஐந்து சென்ட் போட்டுப் பதிலைக் கேட்கலாம். எசப்பாட்டின் வணிகச் சூட்சுமம் இதுவே.

தடை எங்கிருந்து வந்தது என்பதுதான் கூர்ந்து நோக்க வேண்டிய இடம். என்பிசி வானொலி வலைப்பின்னல் இப்பாடலை விரசமானது என்று கருதி ஒலிபரப்ப மறுத்தது. நாஷ்வில்லின் கிராண்ட் ஓலே ஆப்ரி நிகழ்ச்சியும் தொடக்கத்தில் வெல்ஸை இதைப் பாட அனுமதிக்கவில்லை. ஆப்ரியின் அரைமணி நேரப் பகுதி ஒன்று 1939 முதல் என்பிசி வழியாகவே நாடெங்கும் ஒலித்துவந்தது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். பதிலின் சொற்களில் விரசம் என்று சுட்டிக்காட்ட ஏதும் இல்லை. பழிசுமத்திய பாடலும் அதே மதுக்கூடத்தையே, அதே பிரிவையே பேசியது. அது நாடெங்கும் தாராளமாக ஒலித்தது. தாம்சன் பாடலுக்கு இத்தகைய தடை வரவில்லை. ஆகவே பொருள் குற்றமன்று. பொருளைச் சொன்ன வாய்தான் குற்றம். தம் கணவர்களைப் பற்றி மனைவியர் பொதுவெளியில் பேசத் தொடங்குவது, குடும்ப நிகழ்ச்சி என்று தன்னை அறிவித்துக்கொண்ட ஒரு மேடைக்குச் சங்கடமாக இருந்தது. தட்டுகளின் விற்பனை பெருகியபின் ஆப்ரி இணங்கியது. அதே ஆண்டில் வெல்ஸ் அதன் உறுப்பினருமானார்.

தடையை மீறிப் பாடலைக் காப்பாற்றியதில் வெல்ஸின் தோற்றத்துக்கும் இடமுண்டு. மேடையில் அவர் கட்டம்போட்ட பருத்தி ஆடை அணிந்து, கணவரின் அருகில், அசையாமல் நின்று பாடுவார். பாடலில் வரும் பெண்ணுக்கும் பாடும் பெண்ணுக்கும் இடையே யாரும் ஒற்றுமை காண முடியாது. அந்த இடைவெளிதான் அவருக்குக் கேடயம். மதுக்கூடத்துப் பெண்ணுக்காக இல்லத்தரசி வழக்காடுகிறாள் என்ற நிலை, பாடலை மரியாதைக்குரியதாக்கியது. இந்தக் கேடயம் ஒரு விலையும் கேட்டது: தம் சொந்த வாழ்விலிருந்து அவர் பேசுகிறார் என்று எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவரைப் பெண்ணிய முன்னோடி என்று பிற்கால எழுத்துகள் அழைத்தபோது, அவர் அந்தப் பெயரை விரும்பி ஏற்றவராகத் தெரியவில்லை. அன்றைய பெண் கலைஞருக்கு அமைதியாக நிற்பது தொழில்முறைத் தேவையாகவும் இருந்தது என்பதை நினைத்தால், அந்த அமைதியைக் கொண்டு அவரது கருத்தை அளப்பது தவறு.

பாடல் வென்றபின் ஜானி ரைட் சுற்றுப்பயண நிகழ்ச்சிகளில் மனைவியின் பெயரை முதலில் போட முனைந்தார். பெண்ணை முன்னிறுத்தி ஒரு நிகழ்ச்சியை நடத்த முடியாது என்று ராய் ஏகஃப் அவரை எச்சரித்ததாகப் பலரும் பதிவு செய்துள்ளனர். அதே மெட்டில் பாடிப் புகழ்பெற்றவர் ஏகஃப் என்பது மேலே சொல்லப்பட்டது. ரைட் அறிவுரையைக் கேட்கவில்லை. நிகழ்ச்சிகள் நடந்தன, கூட்டமும் வந்தது.

வணிகம் பாடத்தை விரைவாகக் கற்றுக்கொண்டது. வெப் பியர்ஸின் 'பேக் ஸ்ட்ரீட் அஃபேர்' வந்தவுடன், 1953இல் வெல்ஸே அதற்கும் பதில் பாடினார். அதே ஆண்டு டெக்காவில் கோல்டி ஹில் பாடிய மற்றோர் எசப்பாட்டு முதலிடம் பெற்றது. கேபிட்டல் நிறுவனம் ஜீன் ஷெப்பர்டை வளர்த்தது. அவரை அந்நிறுவனத்துக்குப் பரிந்துரைத்தவர் வேறு யாருமல்லர், ஹேங்க் தாம்சன்தான். ஆனால் இவ்வெற்றிகளின் வடிவத்தை நோக்க வேண்டும். பெண் குரலுக்குச் சந்தை உண்டு என்று நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. அந்தக் குரல் ஆண் பாடிய ஒன்றுக்குப் பதிலாகவே ஒலிக்க வேண்டும் என்றும் எண்ணின. பேச்சைத் தொடங்கும் உரிமை இன்னும் மறுபக்கத்திலேயே இருந்தது. வெல்ஸைத் தம் ஆதர்சமாகக் கொண்ட லொரெட்டா லின் 1960இல் தம் முதல் தட்டை வெளியிட்டபோது அதன் தலைப்பிலும் ஹாங்கி டாங்க் இருந்தது. ஆனால் அது யாருக்கும் பதில் அன்று, அவரே எழுதிய பாடல். 1952க்கும் 1960க்கும் இடைப்பட்ட தொலைவு அதுவே.

1976இல் வெல்ஸ் கன்ட்ரி இசைப் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார். 1977இல் டேவிட் ஆலன் கோ தம் பாடல் ஒன்றின் முடிவில் நான்கு பாடல்களின் தலைப்புகளையும் ஒரே தொடராகக் கோத்து, அவை யாவும் ஒரே மெட்டு என்பதை நினைவூட்டினார். 1981இல் வெய்லன் ஜென்னிங்ஸும் அவர் மனைவி ஜெஸ்ஸி கோல்ட்டரும் பழியையும் பதிலையும் ஒரே பதிவில் இணைத்துப் பாடினர். இருபத்தொன்பது ஆண்டுகளாக ஜூக்பாக்ஸில் அருகருகே இருந்தவை ஒரே பாட்டாயின. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் 2007ஆம் ஆண்டுத் தெரிவுகளுள் வெல்ஸின் 1952 பதிவும் ஒன்று. அவர் 2012 ஜூலை 16 அன்று தம் 92ஆம் வயதில் மறைந்தார். அதற்கு முன், 1993இல் டாலி பார்ட்டன், லொரெட்டா லின், டாமி வைனெட் மூவரும் சேர்ந்து 'ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்' என்ற பெயரில் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். அதன் முதல் பாடல் இதுவே. எழுபது வயதைக் கடந்த வெல்ஸும் அவர்களோடு நின்று, 125 டாலருக்காகப் பாடிய பாடலை மீண்டும் ஒருமுறை பாடினார்.